பெற்றுக்கொண்டவர்: பாஞ்சாலை

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள்ளேயே அந்த பஸ்ஸைப் பற்றி அய்யனார் மனசுக்குள் நாலு வரி எழுதி முடித்திருந்தான். சீட்டு கிழிசல். வீடியோவில் போட்ட படம் பொம்மையார்பாளையம் தாண்டியதும் நின்றுபோனது. ஆனால் சொன்ன நேரத்துக்கு மரக்காணம் வந்துவிட்டது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

அது அவனுக்கு ஒரு வியாதி மாதிரி. பாண்டிச்சேரியில் குப்புசாமியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு நாள் அங்கே, கோட்டக்குப்பத்தில் ஒரு ரூமில் மூன்று பேரோடு படுக்கை, சனிக்கிழமை சாயங்காலம் ஊர். அந்த ஆறு நாளும் அவன் கண்ணில் படுகிற எதுவும் தப்பிக்காது. வெப்சைட்டைத் திறந்ததும் தானாகப் பாட்டுப் பாடினால், "இது இன்னா கடையா, கல்யாண மண்டபமா?" என்பான். ஆன்டிவைரஸ் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம், "வைரஸே பரவால்லீங்க, அதுவாச்சும் வேலை செய்ய விடுது" என்பான். நரி படம் போட்ட பிரவுசரைப் பற்றிக் கேட்காதவர்களுக்கும் சொல்வான். "டேய், கஸ்டமரு பிரிண்டர் ரிப்பேருக்கு வந்தாரு, உபதேசம் கேக்க வரல" என்று குப்புசாமி தலையில் தட்டுவார்.

சொல்ல ஆளில்லாத கருத்துகளை எல்லாம் அவன் ஒரு வெப்சைட்டில் எழுதினான். செல்போன் கம்பெனி, சோப்பு, ரயில் டிக்கெட், பேங்கு, கூரியர் என்று எதைப் பற்றியும் யாரும் எழுதலாம். படித்தவர்கள் 'பயனுள்ளது' என்று ஒரு ஓட்டுப் போடுவார்கள். டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் எழுபத்திரண்டு கருத்து எழுதியிருந்தான். உப்பளத்தில் கூலிக்குப் போகிற பாஞ்சாலையின் மகன் சொன்னதை டெல்லியில் ஒருத்தன் படித்து 'பயனுள்ளது' என்கிறான். அந்த ஓட்டுகளை ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது அவன் பார்ப்பான்.

பஸ் ஸ்டாண்டில் டிவிஎஸ் வண்டிமேல் சாய்ந்துகொண்டு கூரியர் ஆரோக்கியராஜ் நின்றிருந்தார். எப்போதும் சிரிக்கிற மனுஷன். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அய்யனாரு, ஒரு நிமிஷம் நில்லு தம்பி."

"இன்னாண்ணா, எனக்கு எதுனா வந்திருக்குதா?"

"எனக்குத்தான் வந்திருக்குது." நாலாக மடித்த ஒரு காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இத எழுதுனது நீயா? எனக்கு இங்கிலீஷு பாதிதான் தெரியும். உள்ள உங்கம்மா பேரு இருக்குது. அது மட்டும் நல்லா புரியுது."

விரித்துப் பார்த்ததும் அய்யனாருக்குக் காது சூடாகிவிட்டது. அவன் எழுதியதுதான். அவனுடைய எழுபத்து மூன்றாவது கருத்து. 'என் அம்மாவின் கையெழுத்தைத் திருடினார்கள்' என்று தலைப்பு. ஒரு நட்சத்திரம். கீழே பார்சல் நம்பர், தேதி, நேரம், பாஞ்சாலையின் பெயர், ஊர், எல்லாம் ஒன்று விடாமல்.

"திங்கக்கெழம காலையில விழுப்புரத்துல இருந்து மேனேஜரு வர்றாரு," என்றார் ஆரோக்கியராஜ். "நேரா உப்பளத்துக்கே வந்து உங்கம்மாவ விசாரிக்கப்போறாராம். போலி கையெழுத்துன்னு ஆச்சுன்னா அதே எடத்துல பையக் கழட்டிக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போவணும். ரெண்டு புள்ளைங்க படிக்குது தம்பி. உனக்கு நான் இன்னா பண்ணேன்?"

"அண்ணா... நான் கம்பெனியத்தான் எழுதினேன். உங்கள இல்ல."

"மரக்காணத்துல கம்பெனின்னா யாரு? நான்தானே?"

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். காகிதம் அவன் கையிலேயே தங்கிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்தது அது. அந்த வெப்சைட்காரர்கள் மாதத்துக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு அனுப்புவார்கள். ஜூன் மாதத்துக்கு அய்யனார். நூற்றி இருபத்தெட்டு எம்பி பென்டிரைவ். குப்புசாமி கடையிலேயே அப்போது ஒன்றுதான் இருந்தது, அதையும் அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவார். ரூம் அட்ரஸுக்குத் தபால் எதுவும் வரக்கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பு. அதனால் மரக்காணம் அட்ரஸைக் கொடுத்தான். பார்சல் பம்பாயில் கிளம்பியதிலிருந்து கூரியர் கம்பெனி வெப்சைட்டில் நம்பரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். சென்னை வந்தது. திண்டிவனம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரியே மாறியிருந்தது: சேர்ப்பிக்கப்பட்டது, 10.40, பெற்றுக்கொண்டவர் பாஞ்சாலை.

அங்கேதான் அவனுக்குப் பொறி தட்டியது. பத்து நாற்பதுக்கு அம்மா வீட்டில் எப்படி இருப்பாள்? விடிவதற்கு முன்னால் உப்பு வாரப் போகிறவள். வீடு பூட்டியிருக்கும். அப்படியென்றால் கையெழுத்துப் போட்டது யார்? பென்டிரைவ் எவன் கையில்? வீட்டில் போன் கிடையாது. முக்கு மளிகைக் கடைக்கு அடித்தால் கூப்பிட்டுவிடுவார்கள், ஆனால் அம்மா வர சாயங்காலம் ஆகும். அவ்வளவு நேரம் அவனால் பொறுக்க முடியவில்லை. அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து எழுதினான். அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து அம்மா கையெழுத்துக் கற்றுக்கொண்ட கதையைக்கூட எழுதினான். அந்த ஒரே கருத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு விழுந்தது. அவன் வாழ்க்கையில் அதுவரை அதிகபட்சம் முப்பத்தொன்று.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தான். பார்சல் அரிசி டிரம்முக்குள் பாலிதீன் பை சுற்றிப் பத்திரமாக இருந்தது. "இன்னாடா அது, விசிலா?" என்று அம்மா கேட்டாள். அவன் பென்டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரித்தான். பார்சல் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை. எழுதியதைத் திருத்தவும் தோன்றவில்லை. ஓட்டு ஏறிக்கொண்டே இருந்தது.

இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும் காகிதத்தை அம்மா முன்னால் வைத்து எல்லாவற்றையும் கொட்டினான். பாஞ்சாலை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்த அவன்தான்டா போட்டான். நான்தான் போடச் சொன்னேன்."

"நீ ஏம்மா சொன்ன?"

"பின்ன? வீடு பூட்டிக் கெடக்கும்னு அவன் ஒப்பளத்துக்கே கொண்டாந்து குடுக்கறான். பாத்தியில நிக்கறவ கையி எப்படி இருக்கும்? முழங்கை வரைக்கும் உப்புத்தண்ணி. அவன் வெச்சிருக்கறது ஒரே பேப்பரு, அதுல இருவத்தஞ்சு பேரு. மொத மொதல்ல அவன் வந்தப்ப விருத்தாம்பாளு ஈரக்கையோட தொட்டுட்டா. மை ஊறி எல்லாரு பேரும் ஒண்ணா பூடுச்சு. அன்னிக்கு அவன் ஆபீசுல வாங்கிக் கட்டிக்கினான். அப்பறம் நாங்கதான் சொன்னோம், ஏம்பா, நீயே போட்டுக்கோன்னு. அவனும் சும்மா கிறுக்கமாட்டான். எம்பேர நான் எழுதற மாதிரியே, 'ஞ்சா'வுக்கு வாலு நீட்டி எழுதுவான். காட்டிட்டுத்தான் போவான்."

"இதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கேட்டா தெரியும். பாம்பேக்காரன்கிட்ட கேட்ட, டெல்லிக்காரன்கிட்ட சொன்ன. பெத்தவ ஒருத்தி ஒப்பளத்துல நிக்கறா, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவன் காகிதத்தை மடித்தான். பிறகு, "திங்கக்கெழம அவரு வந்து கேட்டா, அது உன் கையெழுத்துதான்னு சொல்லிடும்மா. முடிஞ்சுது," என்றான்.

பாஞ்சாலை அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எழுதப் படிக்கத் தெரியாதவளா இருந்தா சொல்லிடலாம். நாப்பது வயசுல லாந்தர் வெச்சிக்கினு கத்துக்கினது. நான் போடாதத நான் போட்டேன்னு சொல்லமாட்டேன்."

"அப்ப ராஜண்ணா வேலை?"

"எழுதுனவன் நீ. நீ யோசி."



ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்காணத்தில் இருந்த ஒரே பிரவுசிங் சென்டர் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றான். எழுதியதை அழித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. டெலிபோன் லைன் கீச்சுக் கீச்சென்று கத்தி, அறுந்து, மறுபடி கத்தி, ஒரு பக்கம் திறக்கப் பத்து நிமிஷம் ஆனது. அவனுடைய கருத்து வந்தது. இருநூற்று நாற்பது ஓட்டு. கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள். 'போலீசில் கொடுங்கள்.' 'இப்படிப்பட்ட திருடனை வேலையை விட்டுத் தூக்கினால்தான் புத்தி வரும்.' 'உங்கள் தாயார் கற்ற கையெழுத்தை அவமானப்படுத்திவிட்டான்.' போன வாரம் அதையெல்லாம் படித்துவிட்டு மூன்று பேருக்கு நன்றி எழுதியது அவன்தான்.

அழிக்கிற பட்டனைத் தேடினான். மேலே, கீழே, உதவிப் பக்கத்தில், எங்கும் இல்லை. ஒரு வெப்சைட்டில் சேருவதற்கு ஒரு பட்டன், வெளியே வருவதற்கு ஒன்பது பக்கம் என்று அவனே ஒரு தரம் எழுதியிருக்கிறான். ஒருவழியாகக் கிடைத்தது: பதிந்த கருத்தை எழுதியவர் அழிக்க முடியாது, வேண்டுமானால் கீழே ஒரு பின்குறிப்புச் சேர்க்கலாம், நீக்க வேண்டுமென்றால் மெயில் அனுப்பவும். அனுப்பினான். உடனே பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், மூன்று வேலைநாளில் தொடர்பு கொள்வோம்.

"நாளைக்குக் காலையிலடா!" என்று மானிட்டரைப் பார்த்துக் கத்தினான். பக்கத்தில் ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பின்குறிப்பை எழுதினான். அம்மா சொன்னது, ஈரக்கை, இருபத்தைந்து பேர் காகிதம், எல்லாம். அனுப்பு என்று அழுத்தினான். கரண்ட் போனது. பிரவுசிங் சென்டர்காரர் மெழுகுவத்தி தேடினார். யுபிஎஸ் இல்லாத பிரவுசிங் சென்டரைப் பற்றி அவனிடம் நிறையக் கருத்து இருந்தது. அன்றைக்கு ஒன்றையும் சொல்லாமல் கரண்ட் வரும்வரை ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்தான். வந்ததும் மறுபடி முதலிலிருந்து அடித்தான். மத்தியானம் மூன்று மணிக்குப் பின்குறிப்பு ஏறியது. அதைத் திறந்து திறந்து பார்த்தான். ஓட்டு எதுவும் இல்லை.

திங்கள்கிழமை குப்புசாமிக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு விடிகாலையிலேயே அம்மாவோடு உப்பளத்துக்குப் போனான். பாத்திகள் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தன. பாஞ்சாலையும் விருத்தாம்பாளும் மற்றவர்களும் பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அய்யனார் கொட்டகைக்கும் மண்பாதைக்கும் இடையில் நூறு நடை நடந்தான்.

"ஏண்டா, உக்காருடா, உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது," என்றாள் விருத்தாம்பாள். "கம்பூட்டர்ல திட்டறப்ப மட்டும் உக்காந்துதானே திட்டுன?"

பத்தரைக்கு ஆரோக்கியராஜ் வண்டியில் மேனேஜர் சுப்ராயன் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். ஷூ, டை, கையில் கிளிப் போட்ட அட்டை. வரப்பில் நாலடி வைத்ததும் ஷூ வழுக்கி ஆரோக்கியராஜின் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரை விசாரிக்க வந்தாரோ அவர் தோளையே.

"யாரு பாஞ்சாலை?"

"நான்தாங்க." அவள் பாத்தியை விட்டு ஏறி வந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சுப்ராயன் ஒரு நகலைக் காட்டினார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

ஆரோக்கியராஜ் தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை அம்மா சொல்லமாட்டாளா என்று அய்யனாருக்கு இருந்தது.

"இல்லீங்க," என்றாள் பாஞ்சாலை. "அவன் போட்டது. நான் போடச் சொன்னேன், போட்டான். பொருளு பத்திரமா வந்துச்சு."

"சொன்னாலும் அது தப்பும்மா. வாங்குறவங்கதான் போடணும். ரூலு." அவர் அட்டையை அவள் பக்கம் நீட்டினார். "நீங்க சொன்னத இதுல எழுதியிருக்கேன். கீழ கையெழுத்துப் போடுங்க."

"இப்பவேவா?"

"இப்பவே. நான் மேல குடுக்கணும்."

பாஞ்சாலை சேலையில் கையைத் துடைத்தாள். சேலையே நனைந்திருந்தது. பேனாவை வாங்கி, காகிதத்தின்மேல் கையை ஊன்றி, 'பா' என்று எழுதினாள். காகிதம் கண்ணாடி மாதிரி ஆனது. 'ஞ்சா'வின் வால் நீளுவதற்குள் அவர் எழுதியிருந்த வரிகள் நீலமாகக் கரைந்து இறங்கின. சுப்ராயன் பதறிப்போய் அட்டையைப் பிடுங்கினார். கிழிந்து பாதி அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"கையக் கழுவிட்டு வரக்கூடாதாம்மா!"

"எதுலங்க கழுவறது?" அவள் சுற்றிலும் காட்டினாள். "கண்ணுக்குத் தெரியற தண்ணி அத்தினியும் உப்பு. நல்ல தண்ணி அதோ, அந்த ஒரு கொடம். எட்டு பேரு சாயங்காலம் வரைக்கும் குடிக்கணும். அதுல கழுவட்டுங்களா?"

சுப்ராயன் குடத்தைப் பார்த்தார். தன் நீலமான விரலைப் பார்த்தார். "எனக்குப் புரியுதும்மா. மேல இருக்கறவங்க இங்க வந்து பாக்கமாட்டாங்களே. அவங்ககிட்ட இருக்கறது உங்க பையன் எழுதுனது ஒண்ணுதான்."

"அப்ப ஒண்ணு கேக்கறேன். இவன் நான் சொல்லி எழுதினான்." ஆரோக்கியராஜைக் காட்டினாள். "அவன் யாரையும் கேக்காம எழுதினான்." மகனைக் காட்டினாள். "நீங்க வேலைய விட்டு எடுக்கறதுன்னா யார எடுக்கணும்?"

விருத்தாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அய்யனார் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளாக நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தக் கேள்வியில் வந்து நின்றது.

"சார், நான் எழுதித் தர்றேன்," என்றான். "எங்கையி காஞ்சிருக்குது."

டிவிஎஸ் சீட்டின்மேல் அட்டையை வைத்து எழுதினான். டிக்‌ஷனரி இல்லை. அழகான வார்த்தை எதுவும் வரவில்லை. 'நான் என் தாயைக் கேட்காமல் எழுதினேன். என் தாய் சொல்லித்தான் இவர் கையெழுத்துப் போட்டார். பார்சல் ஒழுங்காக வந்தது. தவறு என்னுடையது.' நாலு வரி. பெயர், பார்சல் நம்பர், தேதி. வெப்சைட்டிலும் இதையே போட்டிருப்பதாகச் சொன்னான்.

சுப்ராயன் இரண்டு தடவை படித்தார். "கடைசி வார்னிங்," என்றார் ஆரோக்கியராஜிடம். "இனிமே யாரு பார்சலோ அவங்களே போடணும். எப்படின்னு எனக்குத் தெரியாது. இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு, நானே வந்து பைய வாங்கிப்பேன். இப்ப என்னை ரோட்டுல விடு, இந்த வரப்புல நடக்க முடியல."

ஆரோக்கியராஜ் அய்யனாரைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினார்.

அதற்கப்புறம் பாண்டிச்சேரியில் ஒவ்வொரு நாளும் கடையைத் திறந்ததும் அவன் தன் ஓட்டுகளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வெப்சைட்டில் கூரியர் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். மரக்காணத்திலிருந்து வேறு யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று. இருக்காது. அவனுடைய பழைய கருத்துதான் மேலே நிற்கும், முந்நூறு ஓட்டோடு. பின்குறிப்புக்கு மூன்று. அதில் ஒன்று குப்புசாமியைக் கெஞ்சிப் போட வைத்தது. நீக்கச் சொல்லி ஐந்து மெயில் அனுப்பினான். ஐந்துக்கும் அவன் கருத்து அவர்களுக்கு முக்கியம் என்றே பதில் வந்தது.

ஆகஸ்ட் பதினாறு, பாண்டிச்சேரி இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்த நாள், அங்கே மட்டும் லீவு. ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் வேலை. அய்யனார் ஊருக்கு வந்து, அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போயிருந்தான். பதினோரு மணிக்கு டிவிஎஸ் சத்தம் கேட்டது.

வண்டியின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய குளிர்பான பாட்டில் கட்டியிருந்தது, நிறைய நல்ல தண்ணி. ஆரோக்கியராஜ் இறங்கி, "அக்கா, உம்பையன் பேருக்கு ஒண்ணு," என்றார். ஒரு பாட்டிலைத் திறந்து சாய்த்தார். பாஞ்சாலை இரண்டு கையையும் நீட்டித் தேய்த்துக் கழுவினாள். அவர் தோளிலிருந்த துண்டைக் கொடுத்தார். அது துண்டாக இருந்தது ஒரு காலத்தில், இப்போது நூல்தான் பாக்கி. துடைத்துவிட்டு அவள் சாவகாசமாக உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். ஆரோக்கியராஜ் வெயிலில் நின்றார். "சீக்கிரம்கா, இன்னும் பதினேழு பேரு இருக்குது. எல்லாரையும் குளிப்பாட்டிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவணும்."

"என் கையெழுத்து, நான் மெதுவாத்தான் போடுவேன்," என்றாள் அவள்.

அய்யனார் பார்சலைப் பிரித்தான். வெள்ளை டி-ஷர்ட். நெஞ்சில் அந்த வெப்சைட்டின் பெயர் பெரிதாக. கூடவே ஒரு அட்டை. ஜூலை மாதத்தின் மிகச் சிறந்த கருத்து. தலைப்பும் அச்சடித்திருந்தது.

"இன்னா தம்பி, பிரைசா?" ஆரோக்கியராஜ் எட்டிப் பார்த்தார். "எதுக்குக் குடுத்தாங்க?"

அட்டையை மடித்து ஒளித்துவிடலாம். அவருக்கு இங்கிலீஷ் பாதிதான் தெரியும். அய்யனார் அட்டையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"உங்களப் பத்தி எழுதினேனே, அதுக்குண்ணா."

விருத்தாம்பாளின் பலகை நின்றது. ஆரோக்கியராஜ் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டி-ஷர்ட்டை வாங்கினார். விரித்தார். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல காட்டன்," என்றார். "தண்ணி நல்லா இழுக்கும்."

நூலாகிப்போன துண்டை வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, டி-ஷர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பாட்டிலைக் கையில் எடுத்தார். "விருத்தாம்பாக்கா, உனக்கும் ஒரு கவரு இருக்குது. கைய நீட்டு."